நாலாவது இலை

திரையின் வலது மூலையில் ‘பார்வையாளர்: 1’ என்று இருந்தது. அறைக்குள் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். பதினோரு சனிக்கிழமைகளாக அந்த ஒன்று ஒன்றாகவே நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு திமிர் வரும். இருபத்தாறு வருட அரசாங்க உத்தியோகத்தில் நான் யாரையாவது ஜெயித்தேன் என்றால் அது அந்த ஒன்றை வைத்துத்தான்.

என் பெயர் அங்கயற்கண்ணி. கோடம்பாக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் குறைந்துபோய், படம் பார்க்க வருகிறவர்கள் கூடிப்போன காலம் இது. படத்தைக் குறுந்தட்டாகவோ கேசட்டாகவோ யாரும் விற்பதில்லை. எல்லாப் படமும் ‘ஏழுகடல்’ என்கிற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. கம்பி வழியாக வரும், பார்த்து முடித்ததும் போய்விடும். வீட்டில் கட்டணம் கட்ட முடியாதவர்கள் நூலகத்துக்கு வருவார்கள். எங்களுக்கும் ஏழுகடலுக்கும் ஓர் ஒப்பந்தம். ஒரு அறை, ஒரு திரை, ஒரு ஆள். இரண்டாவது ஆள் பார்த்தால் அது பொதுக்காட்சி. அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

யார் போய் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கலாம். திரையே எண்ணும். அதன் நெற்றியில் மிளகு அளவுக்கு ஒரு கண் இருக்கிறது. எத்தனை ஜோடி விழிகள் தன் மேல் பதிகின்றன என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஜோடி பதிந்ததும் படம் நின்றுவிடும். போன வருடம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். குழந்தை தூங்கும்வரை படம் ஓடியது. விழித்துத் திரும்பியதும் நின்றது. குழந்தைக்கு எட்டு மாதம். அந்தப் பெண் என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார்.

தேவசகாயம் வந்தது ஆனி மாதத்தில். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சர்க்கரை அவருடைய கண்களைக் கொண்டுபோய் ஏழு வருடம் ஆகியிருந்தது. சினிமா ஸ்டுடியோக்களில் முப்பத்து நாலு வருடம் லைட்மேனாக இருந்தவர். ‘மூன்றாம் பந்தி’ என்று ஒரு படம் கேட்டார். பார்வையில்லாதவர்களுக்காக ஏழுகடல் ஒரு விவரிப்புக் குரல் வைத்திருக்கிறது. திரையில் என்ன நடக்கிறது என்று இயந்திரம் சொல்லும். அதைப் போட்டுவிட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்து என் மேசையைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“படம் முடியலையே சார்?”

“எனக்கு வேண்டியது முடிஞ்சுருச்சு மேடம். கல்யாணப் பந்தி சீன். அந்தக் குரல் என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘திருமண விருந்து. பலர் உண்கிறார்கள்.’ அவ்வளவுதான். அடுத்த சீன் போயிருச்சு.”

“வேற என்ன சொல்லணும் சார்?”

“நாலாவது எலையில என் பொண்டாட்டி உக்காந்திருக்கா.”

நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். செசிலி துணை நடிகை. வசனம் இல்லாத கூட்டத்தில் ஒருத்தி. அந்தப் படம் எடுத்தபோது இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, பேசிக்கூடப் பழகவில்லை. பந்திக்கு இடதுபக்கம் ஏணி மேல் இவர் ‘பேபி’ என்கிற சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒத்திகையில் சாம்பார் ஊற்றும்போது செசிலி நிமிர்ந்து இவரைப் பார்த்தாளாம்.

“ரிகர்சல்ல யாரு வேணா எங்க வேணா பாக்கலாம் மேடம். டேக்குல ஒரு துணை நடிகை தலையைத் தூக்கினா அன்னைக்கோட வேலை போச்சு. அவ டேக்குலயும் பாத்தேம்பா. வேலை போனாப் போகுதுன்னுதான் பாத்தேம்பா. நான் நம்புனதே இல்ல. சும்மா அளக்காதடின்னு சிரிப்பேன்.”

“நீங்கதான் ஏணி மேல இருந்தீங்களே, தெரியலையா?”

“அந்த நேரம் கேமராமேன் என்னைக் காய்ச்சி எடுத்துட்டாரு. செவுத்துல நிழல் விழக்கூடாதுன்னு லைட்டுக்கு முன்னாடி ஒரு தட்டி வெக்கச் சொல்லியிருந்தாரு. மறந்துட்டேன். அவ ரிகர்சல்ல பாத்த பார்வையில மறந்துட்டேன். டேக்கு ஓடுறப்போ தட்டியைத் தேடிக் கீழ குனிஞ்சிருந்தேன். அவ மூஞ்சியைப் பாக்கல.”

படம் வந்து முதல் வாரத்திலேயே நீளம் என்று அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். இவர்கள் போனது இரண்டாவது வாரம். பிறகு அந்தப் படம் எங்குமே கிடைக்கவில்லை. போன வருடம்தான் ஏழுகடல் முழுப்படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டது. அதற்குள் செசிலி போய்ச் சேர்ந்து எட்டு வருடம், இவருக்குக் கண் போய் ஆறு வருடம்.

“சாகறதுக்கு முந்துன நாளு, ‘கடைசி வரைக்கும் நீ நம்பலையில்ல’ன்னா. அப்பவும் நான் சிரிச்சேன் மேடம்.” அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் உடனே எழுந்து, “வாங்க சார், நான் பாத்துச் சொல்றேன்” என்று அறைக்குள் கூட்டிப்போனேன். பேச்சு வேகத்தில் ஒரு ஆள் விதியை மறந்துவிட்டேன். திரை முன்னால் நாங்கள் இருவர். மூலையில் ‘பார்வையாளர்: 1’. படம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் விழி எதிலும் பதிவதில்லை, அதனால் எண்ணுகிற கண்ணுக்கு அவர் இல்லவே இல்லை.

அவர் என் கையைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். “இப்ப வேணாம் மேடம். புரட்டாசியில அவ நினைவு நாள் வருது. இந்த வருஷம் சனிக்கிழமை. அன்னைக்கு மொதல்ல இருந்து ஓடட்டும். நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க.”

“சரி. அதுக்குள்ள நான் ஒரு தடவை பாத்து வெச்சுக்கவா?”

“பாத்துட்டு வந்து சொன்னா அது சேதி மேடம். ஓடும்போது சொன்னாத்தான் படம். அதுவும் முன்னாடியே பாத்தீங்கன்னா உங்க கொரல்லயே எனக்குத் தெரிஞ்சுரும்.”

அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நான் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டும். அதை நினைத்து இப்போது என்ன செய்ய?

அன்று சாயங்காலம் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். ‘ஒரு நேரத்தில் ஒரு பார்வையாளர்.’ கடைசிப் பக்கத்தில், பொருளில் ஐயம் வந்தால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்வையாளர் என்றால் பார்வையை ஆள்கிறவர். பார்வையே இல்லாதவரை எப்படிப் பார்வையாளர் என்பது? பிரெய்ல் புத்தகம் எடுக்க வருகிற ஐந்து பேருக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர்களும் தேவசகாயமும் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டு, ஓட ஓடச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த ஐவரில் வாயாடி சுலைகாம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை இல்லை. ஒவ்வொரு வாரமும் படம் ஆரம்பித்ததும் அவர் கேட்பார்.

“மூலையில எத்தனை மேடம்?”

“ஒண்ணு.”

“அப்ப நாங்கள்லாம் பேயா?”

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான். என் வேலையில் எனக்கு இத்தனை சந்தோஷம் இருந்ததே இல்லை. பச்சைச் சேலை என்பேன். என்ன பச்சை என்பார் தேவசகாயம். கதாநாயகி அழுகிறாள் என்பேன். தண்ணி வருதா, இல்ல வெறும் மூக்கை உறிஞ்சுறாளா என்பார் சுலைகாம்மா. பார்ப்பது என்றால் என்னவென்று ஐம்பத்து மூன்று வயதில் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பதினோராவது சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய், ஏழுகடலின் உரிமப் பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்தார். நிரஞ்சன் என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நூலகத்துக்குள் செருப்போடு வரலாம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

“மேடம், உங்க திரையில கண்ணு ஒண்ணுதான் சொல்லுது. ஆனா மைக் ஏழு சொல்லுது.”

“மைக்கா?”

“எல்லாத் திரையிலயும் இருக்கு. சிரிப்பை எண்ணியிருக்கு. ஏழு விதமான சிரிப்பு.”

எங்கள் சிரிப்பைக்கூட யாரோ எண்ணியிருக்கிறார்கள். ஆனாலும் ஒப்பந்தத்தை அவர் முன்னால் வைத்து, பார்வையாளர் என்ற வார்த்தைக்கு விரலை வைத்தேன். தமிழ்ப் பிரதியே செல்லும் என்ற வரிக்கு இன்னொரு விரல். இரண்டு முறை படித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

“எங்க சட்டப் பிரிவுல இதைக் காட்டுனா முடியைப் பிச்சுக்குவாங்க. நீங்க சொல்றது சரிதான் மேடம். இப்போதைக்கு உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஐப்பசியில ஒப்பந்தம் புதுப்பிக்கறாங்க. இந்த வார்த்தையை மாத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி முறையா பொதுக்காட்சி உரிமம் கேட்டுடுங்களேன். நூலகத்துக்கு இலவசமாவே தராங்க. ஒரு பக்க விண்ணப்பம்தான்.”

“கேட்டா குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க. நானே தள்ளி விடறேன். எதுக்குப் பயந்துக்கிட்டு பாக்கணும்?”

நல்ல மனிதர். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எனக்கு அவர் மேல் கோபமே வரமாட்டேன் என்கிறது, அதுதான் கோபமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஆறு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். நினைவு நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

சுலைகாம்மா பட்டென்று சொன்னார். “இன்னைக்கே போட்ருங்க மேடம். இப்பதான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அவரே சொல்லிட்டாரில்ல? நாளும் கெழமையும் அப்புறம் பாத்துக்கலாம்.”

தேவசகாயம் கைத்தடியை உருட்டிக்கொண்டிருந்தார். “நீங்க சொல்லுங்க மேடம்.”

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெயரைத் தட்டினால் படம் ஓடியிருக்கும். ஆனால் எனக்கு அந்த உரிமத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. முத்திரையும் எண்ணும் போட்ட ஒரு காகிதம், எங்கள் ஏழு பேருக்கு. அரசாங்க உத்தியோகம் பார்த்தவளின் வியாதி இது.

“எதுக்கு சார் திருட்டுத்தனமா? உரிமையோட பாக்கலாம். அவங்க நாளுக்கு உரிமம் கையில இருக்கும்.”

அன்றே விண்ணப்பத்தை எழுதினேன். நூலகத்தின் பெயர், படத்தின் பெயர், நாள், நேரம். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு சின்னக் கட்டம். காரணம் எழுதாத மனு குப்பைக்குப் போகும், காரணம் விரிவாக இருந்தால் மேலதிகாரி மனம் இளகுவார் என்று பழகியவள் நான். கட்டத்தில் இடம் போதாமல் இணைப்பு ஒன்று வைத்தேன். ‘மேற்படி திரைப்படத்தில், திருமண விருந்துக் காட்சியில், இடமிருந்து நான்காவது இலையில் அமர்ந்திருக்கும் துணை நடிகை, எமது வாசகர் திரு. தேவசகாயம் அவர்களின் மறைந்த மனைவி திருமதி செசிலி ஆவார் என்பதையும், அன்னார் அக்காட்சியில் நிமிர்ந்து பார்க்கிறாரா என்பதை அறிவது அவருடைய நெடுநாள் ஏக்கம் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ அடையாளத்துக்கு அவர்களுடைய கல்யாணப் புகைப்படத்தின் பிரதியையும் சேர்த்தேன்.

தேவசகாயத்துக்கு வாசித்துக் காட்டினேன். ‘திருமதி செசிலி ஆவார்’ என்ற இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

ஒன்பதாவது நாள் உரிமம் வந்துவிட்டது. இரண்டு காட்சிகளுக்கு அனுமதி. அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். போகிற வருகிறவர்கள் அதைப் படிக்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

நினைவு நாள் அன்று தேவசகாயம் காலைப் பூசை முடித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். சுலைகாம்மா பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். படம் ஆரம்பித்ததும் வழக்கம்போல் கேட்டார்.

“மூலையில எத்தனை மேடம்?”

“உரிமம் வாங்கியும் ஒண்ணுதான்.”

“பேயி பேயிதான்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நான் அவ்வளவு நன்றாக என்றைக்கும் சொன்னதில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டி நழுவுவதைச் சொன்னேன், மணப்பெண் கண்ணாடியில் பல்லைப் பார்ப்பதைச் சொன்னேன். பந்தி வந்தது. தேவசகாயம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“எலை போட்டாச்சு. வெள்ளைச் செவுரு. செவுத்தை ஒட்டி வரிசையா உக்காந்திருக்காங்க. மொத எலையில வழுக்கைத் தலை ஒருத்தர். ரெண்டாவதுல கண்ணாடி போட்ட ஒருத்தர், அப்பளத்தை நொறுக்குறாரு. மூணாவதுல மூக்குத்தி போட்ட அம்மா. நாலாவதுல…”

நின்றுவிட்டேன். கல்யாணப் புகைப்படத்தில் நான் பார்த்த செசிலிக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, முன்பல் கொஞ்சம் எடுப்பு. நாலாவது இலையில் கடுகு நிறச் சேலையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தழும்பும் இல்லை, எடுப்புப் பல்லும் இல்லை. சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி வழவழவென்று ஒரு முகம். அந்த முகம் இலையையே பார்த்துச் சாப்பிட்டது. சாம்பார் ஊற்றினார்கள். அது நிமிரவில்லை. ஆறு வினாடியில் காட்சி முடிந்தது.

படத்தை நிறுத்தினேன்.

“என்ன மேடம்?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. “அவங்க இல்ல சார். சேலை, வளையல், கை எல்லாம் இருக்கு. மொகத்தை மட்டும் மாத்தியிருக்காங்க. வேற யாரோ ஒரு மொகம். கீழதான் பாக்குது.”

சுலைகாம்மா பிளாஸ்கைக் கீழே வைத்தார். தேவசகாயம் இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்துக்கொண்டார். பிறகு அவர் குரல் மாறியது. ஸ்டுடியோவில் வேலை செய்தபோது அப்படித்தான் பேசியிருப்பார் போல.

“மேடம். செவுத்துல நிழல் இருக்கா?”

“நிழலா?”

“நான் தட்டி வெக்க மறந்தேன்ல. திரையில அவளுக்கு வலது பக்கம், நாலாவது ஆளுக்கும் அஞ்சாவது ஆளுக்கும் நடுவுல, செவுத்துல விழுந்திருக்கணும். பக்கவாட்டுல. மூக்கு, தாடை தெரியும். பாருங்க.”

பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது. யாரும் கவனிக்காத சாம்பல் நிழல். முகத்தை மாற்றியவர்கள் சுவரை விட்டுவிட்டார்கள். சாம்பார் வாளி வந்தது. வழவழ முகம் இலையைப் பார்த்தபடி இருந்தது. அதன் நிழல் தாடையைத் தூக்கியது. எடுப்பான முன்பல்லோடு உதடு லேசாகப் பிரிந்தது. அது பார்த்தது இடதுபக்கம், மேலே, ஏணி இருந்த பக்கம்.

“பாக்குறாங்க சார்!” என்று கத்திவிட்டேன். “நிழல் நிமிருது! நிமிந்து உங்களைப் பாக்குது! டேக்குல பாத்திருக்காங்க!”

தேவசகாயம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். “பாத்தியா… பாத்துட்டாடி…” என்று யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் ஏதோ சொன்னார். சுலைகாம்மா என்னிடம் நாலு முறை கேட்டார். மூக்கு எவ்வளவு தூக்குது, வாய் தொறக்குதா, எவ்வளவு நேரம் பாக்குறா. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்றாவது ஆளின் நிழலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக்கூடச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அன்று அந்த அறையில் யாருக்கும் மெதுவாகப் பேச வரவில்லை.

“அடுத்த சனிக்கெழமை இன்னொரு வாட்டி போடுவீங்களா மேடம்?” என்று கிளம்பும்போது கேட்டார். “இன்னொரு காட்சி பாக்கி இருக்குல்ல.”

திங்கட்கிழமை நிரஞ்சனைக் கூப்பிட்டேன்.

“எதுக்கு சார் அந்த அம்மா முகத்தை மாத்துனீங்க?”

காகிதச் சத்தம் கேட்டது. கோப்பைப் புரட்டுகிறார் என்று நினைக்கிறேன். “மேடம், வீட்டுல பாக்கற படத்துக்கு முகச் சம்மதம் வேண்டாம். பொதுக்காட்சின்னா, அடையாளம் தெரிஞ்ச ஒவ்வொரு ஆளோட சம்மதமும் வேணும். துணை நடிகர் சங்கம் போராடி வாங்குன சட்டம்தான் இது. அவங்க முகத்தை யாரும் சும்மா பயன்படுத்தக்கூடாதுன்னு.”

“மத்தவங்க முகமெல்லாம் அப்படியே இருக்கே?”

“அவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது மேடம். அடையாளம் தெரியாத கூட்டம். நாலாவது எலையில இருக்கறவங்க பேரை, போட்டோவோட, நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“அவரோட சம்மதத்தைக் கேட்டிருக்கலாமே. அவரு புருஷன். நூலகத்துலயே உக்காந்திருக்காரு.”

“சம்மதம் வாங்க மூணு மாசம் ஆகும். வாரிசுச் சான்றிதழ், அது இதுன்னு. முகத்தை மாத்த ஒரு நிமிஷம். எது சுலபமோ அதை இயந்திரமே பண்ணிடுது. காரணம்கற கட்டத்துல ‘வாசகர் விருப்பம்’னு ரெண்டு வார்த்தை போட்டிருந்தீங்கன்னா எதுவுமே ஆகியிருக்காது. நான் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க மேடம்.”

“பழையபடி மாத்துங்க. இல்ல, வீட்டுல ஓடற பிரதியையாவது குடுங்க.”

“ஒரே மூலம்தான் மேடம். அதை மாத்துனா உலகம் பூரா மாறிடும். பழசை வெச்சுக்கறதில்ல.”

தேவசகாயத்திடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நிழலாவது மிச்சம் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஐப்பசி பிறந்திருந்தது. தேவசகாயம் லைட்மேன் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். ‘அவ டேக்குல பாத்திருக்கா’ என்று. வருகிற வழியில் ஆட்டோக்காரரிடமும் சொன்னாராம். படம் தொடங்கும் முன் திரையில் சிறிய எழுத்தில் ஏதோ அறிவிப்பு வந்தது. டீ ஊற்றிக்கொண்டிருந்ததால் படித்தும் நான் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பந்தி வந்தது. வழுக்கைத் தலை, கண்ணாடி, மூக்குத்தி. நான் முகத்தைப் பார்க்காமல் நேராகச் சுவரைப் பார்த்தேன். நிழல் இருந்தது. சாம்பார் வாளி வந்தது. நிழல் குனிந்தபடியே இருந்தது. அந்த வழவழ முகத்துக்குப் பொருத்தமாக, எடுப்புப் பல் இல்லாத ஒரு நிழல், இலையைப் பார்த்துச் சாப்பிட்டது.

அப்போதுதான் அந்தச் சின்ன எழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. ‘தங்கள் முந்தைய காட்சியின்போது சுட்டிக்காட்டப்பட்ட பொருந்தா நிழல் சீர்செய்யப்பட்டது. நன்றி.’ எங்கள் சிரிப்பை எண்ணிய அதே மைக். மூக்கு எவ்வளவு தூக்குகிறது, வாய் எப்படித் திறக்கிறது என்று நான்தான் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஆறு முகங்கள் என் பக்கம் திரும்பியிருந்தன.

“நிமிருது சார்,” என்றேன். “பாக்குறாங்க.”

காட்சி ஓடி முடிந்தது. போன வாரம் நாலு முறை கேட்ட சுலைகாம்மா தொண்டையைக் கனைத்தார்.

தேவசகாயம் மெதுவாகக் கேட்டார். “மேடம், இப்ப நிமிரலையில்ல?”

நான் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினேன்.

“கொரல்ல தெரிஞ்சுருச்சு. பரவால்ல.” கைத்தடியை உருட்டியபடி, “அப்ப போன வாரமும் இப்படித்தானா?” என்றார்.

“இல்ல சார்! சத்தியமா இல்ல! போன வாரம் நிழல் நிமிந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். நான் சத்தமா சொன்னதைக் கேட்டு இப்ப அதையும் மாத்திட்டாங்க. இன்னைக்குத்தான் சார் பொய் சொன்னேன். அன்னைக்குச் சொன்னது நெசம்.”

சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிவிட்ட கதை மாதிரி கேட்டது. நிழல் இருந்ததாம், பார்த்தாளாம், பிறகு நிழலையும் மாற்றிவிட்டார்களாம். உலகத்தில் அதைப் பார்த்த விழி என்னுடையது ஒன்றுதான். அந்த ஒரு சாட்சியும் இப்போது பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள்.

அவர் கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை அவருக்கு.

“எனக்காகத்தான சொன்னீங்க. ரெண்டு வாட்டியும். நல்ல மனசு மேடம் உங்களுக்கு.”

“ரெண்டு வாட்டியும் இல்ல சார்…”

“சரி மேடம். விடுங்க.” என் கையைத் தட்டிக் கொடுத்தார். செசிலியையும் முப்பது வருடம் இப்படித்தான் தட்டிக் கொடுத்திருப்பார் என்று தோன்றியது.

படம் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்வதை நிறுத்தியதும் இயந்திரக் குரல் தானாகவே எடுத்துக்கொண்டது. மணமக்கள் ஊர்வலம், பலர் நடக்கிறார்கள் என்றது. சுலைகாம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“மூலையில எத்தனை மேடம்? இன்னைக்கும் ஒண்ணுதானா?”

திரும்பிப் பார்த்தேன். ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, வார்த்தையின் பொருளை மாற்றி, குரலையும் சேர்த்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ‘பார்வையாளர்கள்: 7’ என்று இருந்தது.

“ஏழு” என்றேன். அதை அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை.